பதினோராவது பெயர்

கண்ணு,

நேற்று முன்தினம் மாலை மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, உன் நண்பர்களுக்கும் மாமாக்களுக்கும் கேசரியும் பஜ்ஜியும் கொடுத்துவிட்டு நீ எழுந்து நின்று பேசினாய். "எனக்கு வேல கெடச்சது பெரிசில்ல. எங்கம்மா ஒன்பதாங்கிளாஸ் படிக்கும்போதே மனு எழுதி ஒரு காலனிக்கே கவர்மெண்ட் வீடு வாங்கிக் குடுத்தவங்க. அவங்க பையன் வீடு பார்க்குற ஓவர்சியரா போறான்" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். உன் பெரிய மாமா என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் கீழே இறங்கிப் போனேன். அடுப்பில் எதுவும் இல்லை. சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். நாளை, திங்கட்கிழமை, நீ முகையூர் பக்கம் வேலையில் சேரப் போகிறாய். யார் குடிசையில் இருக்கிறார்கள், யாருக்கு வீடு கொடுக்கலாம் என்று நேரில் பார்த்து எழுதுவதுதான் உன் வேலை. அதனால், நீ என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன அந்தக் கதையில் நான் விட்டுவிட்ட பகுதியை இன்று எழுதிவிடுகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

காணைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் காலனியை நீ பார்த்திருக்கிறாய். இப்போது நீ பார்க்கும் சிமெண்ட் ரோடும் தண்ணீர்த் தொட்டியும் அன்றைக்கு இல்லை. எண்பதுகளின் நடுவில் அங்கே இருபத்தாறு குடிசைகள், மண் சுவர், கரும்புத் தோகைக் கூரை. மழைக்காலத்தில் உன் தாத்தா என் புத்தகங்களை உரச்சாக்குப் பிளாஸ்டிக்கில் சுற்றி உறி கட்டித் தொங்கவிடுவார். காலனியில் ஒன்பதாம் வகுப்புவரை வந்த பெண்கள் இரண்டே பேர். ஒன்று நான், மற்றொன்று செல்வி. கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டி. தமிழிலும் கையெழுத்திலும் நான். கையில் எது கிடைத்தாலும் படிப்பேன், மல்லாட்டைக் கடலை கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கீழே போடுவேன். செல்வியின் அம்மா அஞ்சலைச் சின்னம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள். "ஏய் டீச்சரம்மா, அதுல இன்னாடி எழுதிக்கிது? மல்லாட்ட வெல எறங்கிச்சான்னு பார்த்துச் சொல்லு" என்பாள். அவள் உறவு முறையில் எனக்குச் சின்னம்மா கிடையாது. அப்படிக் கூப்பிட்டே பழக்கம்.

அரசாங்கம் எங்கள் காலனிக்குத் தொகுப்பு வீடு கட்டித் தரப் போகிறது என்று செய்தி வந்தபோது, ஆளாளுக்கு மனு கொடுக்கச் சொன்னார்கள். விழுப்புரம் போய் எழுதுகிறவரிடம் கொடுத்து எழுதி வாங்குவதற்கு யாரிடமும் வசதி இல்லை. எல்லாரும் என்னிடம் வந்தார்கள். ஒரு வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மனு எழுதுவதுதான் வேலை. "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும், கண்ணு. நானே ஓர் அலுவலகம் போல உணர்ந்தேன். மனுக்களோடு வைக்க ஒரு பெயர்ப் பட்டியலும் எழுதினேன். யார் முதலில் வந்தார்களோ அந்த வரிசையில் பெயர்கள். உன் தாத்தா மட்டும், "வந்தவங்க பேரெல்லாம் எழுதிட்டு அப்புறமா நம்ம பேரப் போடு. உன் கையில பேனா இருக்குதுன்னு நாம முன்னாடி போய் நிக்கக் கூடாது" என்றார். அப்படி எழுதியதில் நாங்கள் இருபத்தொன்றாவதாக வந்தோம். எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் ஐந்தே பேர். செல்வியின் அப்பா முனுசாமி பெயர் பதினோராவது.

மார்கழியில் முனுசாமி குடும்பம் கரும்பு வெட்டப் போனது. மேஸ்திரி முன்பணம் கொடுத்து, சட்டி பானையோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். திரும்பி வர சித்திரை ஆகும். எங்கள் காலனியில் அப்படிப் போகிற குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் குடிசைக் கூரையைப் பிரித்துவிட வேண்டும். காய்ந்த தோகை, உள்ளே ஆள் இல்லை. ஒரு பொறி விழுந்தால் தண்ணீர் ஊற்றுவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு கூரை பிடித்தால் வரிசை முழுக்கப் போய்விடும். அதனால் தன் வீட்டை மொட்டையாக்கிவிட்டுத்தான் போவார்கள். திரும்பி வரும்போது கரும்புக் கொல்லையிலிருந்து புதுத் தோகை கட்டிக்கொண்டு வந்து மறுபடி வேய்ந்துகொள்வார்கள். அந்தத் தடவையும் முனுசாமி ஏறிப் பிரித்துப் போட்டார், அஞ்சலைச் சின்னம்மா பழைய தோகையை வாரிக் கொண்டுபோய்க் குளத்தங்கரையில் கொட்டினாள். செல்வி என்னிடம் வந்து, "சித்திரைக்குள்ள பாடமெல்லாம் எழுதி வைடி, வந்து பார்த்துக்குறேன்" என்றாள். அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்தது எங்கள் வீடுகள் எரியாமல் இருப்பதற்காக. இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்சியர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, கூடவே ஊர்த் தலையாரி. உன் தாத்தா கழனி வேலைக்குப் போயிருந்தார். தலையாரி என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணுதான் சார் எல்லா மனுவும் எழுதிச்சி" என்றார். ஓவர்சியர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "முத்து முத்தா இருக்குதேம்மா கையெழுத்து. இந்தா, நீயே பேரப் படிச்சிக்கினு வா, நான் வூட்டப் பார்க்குறேன்" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார். காலனியே வேடிக்கை பார்க்க, ஓர் அதிகாரிக்கு முன்னால் நான் நடந்தேன். நடந்துகொண்டே அவர் தலையாரியிடம் சொன்னார்: "இருபது வூடுதான் சாங்ஷன். மேல இருந்து இருபது. நடுவுல குடியில்லாதது எதுனா இருந்தா அடிச்சிட்டு அடுத்தத ஏத்திக்கலாம்." அந்த நொடியில் நான் கணக்குப் போட்டுவிட்டேன். நாங்கள் இருபத்தொன்று.

பத்தாவது வீடு பார்த்து முடித்ததும் அவருக்குத் தாகம் எடுத்தது. தலையாரி இளநீர் பறித்து வரப் போனார். பதினோராவது வீட்டுக்கு முன்னால் ஓவர்சியரும் நானும்தான் நின்றோம், கொஞ்சம் தள்ளி என் அம்மா நின்றிருந்தாள். நான்கு மண் சுவர், மேலே வானம். உள்ளே அஞ்சலைச் சின்னம்மாவின் அம்மிக்கல் மட்டும் ஓரமாகக் கிடந்தது.

"இன்னாம்மா இது, பாழு வூடா?"

"முனுசாமி வூடு சார்."

"ஆளு எங்க?"

"இப்ப யாரும் இல்ல சார்."

"குடியில்ல, அப்படித்தானே?"

நான் பதில் சொல்லவில்லை. கரும்புக்குப் போயிருக்கிறார்கள், சித்திரையில் வந்துவிடுவார்கள் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்ன நான்கு வார்த்தைகளில் பொய் ஒன்றுகூட இல்லை என்று அப்போதே மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டேன். படித்த பெண் அல்லவா! அவர் சிவப்புப் பேனாவை எடுத்து என் கையில் இருந்த தாளிலேயே முனுசாமி பெயர் மேல் ஒரு கோடு போட்டார். "அடுத்தது?" என்றார். பன்னிரண்டாவது பெயரை, அதற்கு முன் பத்துப் பெயரையும் படித்த அதே கணீர்க் குரலில் படித்தேன். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. இவ்வளவு வருஷம் கழித்தும் என்னை உறுத்துவது அதுதான்.

அவர்கள் போனபின் அம்மா என்னைக் குடிசைக்குள் கூப்பிட்டாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "யாராண்டயும் சொல்லாத. உங்கப்பாவாண்ட கூட" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேப்பைக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவள் இறக்கும்வரை அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல் பேசியதில்லை. உன் தாத்தாவுக்கு இருபதில் ஒன்றாகப் பெயர் வந்தபோது அவர் நம்பவே இல்லை. "பின்னாடி நின்னாலும் நமக்கு வர்றது வரும் பாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வீட்டில் படுத்து அந்த நம்பிக்கையோடுதான் கண்ணை மூடினார்.

வீடுகளை ஒரே வரிசையில் கட்ட வேண்டும் என்றார்கள். எங்கள் குடிசை ஓரத்தில் இருந்தது. வரிசைக்கு நடுவில் ஒரு மனை காலியாக இருக்கிறதே என்று எங்களுக்கு அதைக் கொடுத்தார்கள். முனுசாமியின் மண் சுவரை மாசி மாதத்தில் இடித்துச் சமன் செய்து கடக்கால் தோண்டினோம். நானும் கூடை கூடையாக மண் சுமந்தேன். அம்மா அந்த அம்மிக்கல்லைத் தூக்கிப் புளியமரத்தடியில் வைத்தாள்.

சித்திரையில் அவர்கள் தலையில் தோகைக் கட்டோடு வந்து இறங்கினார்கள். வேய்வதற்கு வீடு இல்லை. அங்கே இடுப்பு உயரத்துக்குச் செங்கல் சுவர் நின்றது. அஞ்சலைச் சின்னம்மா தோகைக் கட்டை இறக்கவே இல்லை. அப்படியே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏய் டீச்சரம்மா, எங்க பேரு எங்கடி? நீதான எழுதின?"

"எழுதினேன் சின்னம்மா. அடிச்சிட்டாங்க."

"ஏன் அடிச்சாங்க?"

"குடியில்லன்னு."

"கரும்புக்குப் போனா குடியில்லாத பூட்றதா? வருஷா வருஷம் போறோம் வர்றோம், தலையாரிக்குத் தெரியாதா? அந்த ஆளுதான கூட வந்திருப்பான்? அவன் வாயில இன்னா கொழுக்கட்டையா இருந்துச்சி?"

அவள் அன்றே என்னை உட்கார வைத்து இன்னொரு மனு எழுதச் சொன்னாள். "எவனோ தப்பாச் சொல்லிக்கிறான்னு எழுது. நல்லா ஒறைக்கிற மாதிரி எழுது, உனக்குத்தான் எழுத வருமே" என்றாள். "எங்கள் குடியிருப்பு குறித்து யாரோ தவறான தகவல் அளித்துள்ளனர்" என்று அழகாக எழுதினேன். 'யாரோ' என்ற சொல்லை எழுதும்போது பேனா நின்றது. மை தீர்ந்துவிட்டதா என்று செல்வி கேட்டாள். தன் பேனாவைக் கொடுத்தாள். அவள் பேனாவால்தான் அந்த வரியை முடித்தேன். அந்த மனுவுக்குப் பதில் வரவே இல்லை.

ஒரு மாதம் புளியமரத்தடியில் தோகையைச் சாய்த்துக் கட்டி இருந்தார்கள். கோடை மழையில் அது விழுந்தது. மறுநாள் முனுசாமிக்குத் தெரிந்த ஒருவர் மூலம் திண்டிவனத்தில் அரிசி ஆலைக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை கிடைத்துக் கிளம்பினார்கள். அஞ்சலைச் சின்னம்மா அம்மிக்கல்லைச் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டாள். செல்வியின் மாற்றுச் சான்றிதழை வாங்கவே இல்லை. பத்தாம் வகுப்புக்கு அவள் எங்கும் போகவில்லை. ஆலைக் களத்தில் நெல் துழாவப் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்து முனுசாமி ஒரு சாவுக்காகக் காலனிக்கு வந்தபோது உன் தாத்தாவிடம் பேசிக்கொண்டிருந்ததை உள்ளே இருந்து கேட்டேன். "இங்க கூலி கம்மின்னாலும் வெறகு பொறுக்கினா அடுப்பு எரியும்ண்ணா. கீரையப் பறிச்சா கொழம்பு. அங்க வெறகுக்குக் காசு, கொடம் தண்ணிக்குக் காசு, வாடகை ஒரு நாளு தள்ளிப் போனா ஊட்டுக்காரரு வாசல்ல வந்து நிக்குறாரு. மூணு பேரு வேல செஞ்சும் பேஜாராக்கீது" என்றார். நான் அவர் மனையின் மேல், சிமெண்ட் கூரைக்குக் கீழே, அரசாங்கம் கொடுத்த ஒற்றைப் பல்பு வெளிச்சத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை ஆனேன். உன்னைப் பெற்றேன். உனக்கு எத்தனையோ முறை அந்த மனு எழுதிய கதையைச் சொன்னேன், பத்தாவது வீட்டோடு நிறுத்திக்கொண்டு.

திண்டிவனத்தில் செல்வி இருக்கும் தெரு எனக்கு எப்போதும் தெரியும். அந்தத் தெரு வழியாகப் போகாமல் இருப்பதற்காகவே தெரிந்து வைத்திருந்தேன். நேற்று, கூட வேலை பார்த்த டீச்சர் வீட்டுக்குப் போகிறேன் என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டு, அங்கேதான் போனேன். அவள் இன்னும் வாடகை அறையில்தான் இருக்கிறாள். வாசலில் இட்லிக் கடை. கணவர் இல்லை, மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். என்னைப் பார்த்ததும், "யாரு, டீச்சரா? வாடி, வா. ரெண்டு இட்லி சாப்டு" என்று தட்டை எடுத்தாள். சாப்பிட்டுவிட்டுச் சொல்ல முடியாது என்று தோன்றியது. நின்றபடியே சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, "அன்னிக்கு இன்னா சொன்ன? சரியாச் சொல்லு" என்றாள்.

"'இப்ப யாரும் இல்ல சார்'னு சொன்னேன்."

"சித்திரைக்கு வருவாங்கன்னு சொல்லலியா?"

"சொல்லல."

"எங்கம்மா சாவுற வரைக்கும் தலையாரியத் திட்டிக்கினே செத்துச்சு. எங்கப்பா ஒருவாட்டி குடிச்சிட்டுப் போய் அந்த ஆளு சட்டையப் புடிச்சிட்டாரு, தெரியுமா உனக்கு? அந்த ஆளு அழுதாராம். 'எளநி வெட்டப் போனேம்ப்பா, எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு. யாரு நம்புனாங்க?"

எனக்கு இது தெரியாது, கண்ணு. நான் ஒரு குடும்பத்துக்குத்தான் கெடுதல் செய்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல், இந்த இடத்தில் உன் பெயரை இழுத்தேன். அதற்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். "என் பையனுக்கு அந்த வேலதான் கெடச்சிருக்குது செல்வி. அவனாண்ட சொல்லி எப்படியாவது ஒரு லிஸ்ட்ல உன் பேர..." என்று ஆரம்பித்தேன்.

"அப்ப எவ பேர அடிப்பான்?" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று தூக்குப் பாத்திரத்தோடு இட்லிக்கு வந்து நின்றது. அதற்குச் சாம்பார் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு அவள் சொன்னாள்: "மன்னிச்சிட்டேன்னுலாம் நான் சொல்ல மாட்டேன்டி. எங்கம்மா சொல்லியிருக்கணும், அது இல்ல. என்னாண்ட வந்து சொன்ன இல்ல, அதே மாதிரி, அந்தத் தலையாரியும் செத்துட்டாரு, அவரு பொண்ணு காணையில இருக்குது, அதாண்டயும் போய்ச் சொல்லு. அவங்க அப்பன் பேருல இருக்குற அழுக்கு உன்னுது." அடுப்பை மறுபடி ஏற்றிவிட்டு, "உன் பையனாண்ட ஒண்ணு சொல்லு. கூரை இல்லாத ஊட்டப் பார்த்தா பக்கத்துல யாராண்டயும் கேக்க வேணாம். இன்னொரு வாட்டி வரச் சொல்லு. ஜல்தியா கெளம்பு, விழுப்புரம் பஸ்ஸு போயிடும்" என்றாள்.

அவள் உனக்குச் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான். இதற்குமேல் உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அவள் சொன்னதைச் செய். பூட்டிக் கிடந்தாலும், இடிந்து கிடந்தாலும், புல் முளைத்திருந்தாலும், பேனாவை மூடிக்கொண்டு இன்னொரு நாள் போ. பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் திரும்பி வரும் மாதம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த மாதத்தில் போ. உனக்கு முன்னால் பட்டியலைப் பிடித்துக்கொண்டு துறுதுறுவென்று நடக்கும் நன்றாகப் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால், அந்தப் பிள்ளையிடமிருந்து தாளை வாங்கி நீயே வைத்துக்கொள். அந்த வயதில் அதை யார் கையிலும் கொடுக்கக் கூடாது.

நாளைக் காலை நீ முதன்முதலாக வேலைக்குக் கிளம்பும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். காணைக்குப் போகும் முதல் பஸ்ஸில் போகிறேன். தலையாரியின் மகள் என்னை உட்காரச் சொல்வாளோ, வாசலிலேயே நிற்க வைப்பாளோ தெரியாது. எதுவானாலும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். உன் சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். சாயங்காலம் நீ திரும்பி வந்ததும் என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே, நான் தப்பாக நினைக்க மாட்டேன். சோறு மூடி வைத்திருப்பேன். நீயே போட்டுக்கொண்டு சாப்பிடு.

அம்மா